யாழ். மருத்துவபீடம்: வன்னிப் பிள்ளைகளுக்கு எப்படி?

பொறியியலும் விவசாயமும் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே படிக்கலாம். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் மருத்துவபீடம் இல்லை. ஆகவே உயர்தரத்தில் உயிரியல் எடுத்த வன்னிப் பிள்ளைக்கு வட மாகாணத்தில் இருப்பது கொக்குவில் ஆடியபாதம் வீதியிலுள்ள யாழ். மருத்துவபீடம்தான்.

1978 இல் தொடங்கியது. உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1995 ஒக்டோபரில் போரால் மக்கள் இடம்பெயர்ந்து குடாநாட்டின் வலிகாமமே வெறுமையானது. அத்தனைக்குப் பிறகும் பீடம் எழுந்து நின்று மருத்துவர்களை அனுப்புகிறது. இதைப் பெருமையோடு சொல்கிறோம்.

எம்.பி.பி.எஸ். ஐந்து வருடம், பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. முதலில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனம். கடைசியில் போதனா வைத்தியசாலை விடுதிகளில் மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறு, உளமருத்துவம். பெரிய பலம் இங்கேதான்: நோயாளியிடம் "எப்ப தொடங்கினது, எங்க நோகுது?" என்று சொந்த மொழியில் கேட்டுப் பழகலாம். தெற்குப் பீடங்களில் இதற்குச் சிங்களம் வேண்டும். தாதியியல், மருந்தாக்கவியல், ஆய்வுகூட விஞ்ஞானம் இப்போது தனிப் பீடத்தில் நடக்கின்றன. மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி (அனுமதிக்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி) தவறியவர்கள் அவற்றைக் கழித்துவிட வேண்டாம்.

குறை, அல்லது எச்சரிக்கை: விரிவுரை, பரீட்சை எல்லாம் ஆங்கிலம். தமிழில் உயர்தரம் படித்த பிள்ளை முதல் வருடத்தில் தடுமாறுவது அறிவுக் குறைவால் அல்ல; தெரிந்ததை எழுதவும் வாய்மொழிப் பரீட்சையில் சொல்லவும் ஆங்கிலம் வராததால். பெறுபேறு வந்து அனுமதி கிடைக்கும்வரை மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. தினமும் ஒரு பக்கம் உடற்கூற்றியல் ஆங்கிலத்தில் வாசித்து, நூலை மூடி, நான்கு வரி எழுதி, சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும். பீடத்தின் பரீட்சைகளில் முதல் தடவையில் சித்தியடையாவிட்டால் உள்ளகப் பயிற்சிக்கான தரவரிசையும் சரியும்.

அனுமதிக்கு மூன்று பாடங்களில் இரண்டிலாவது சி (திறமைச் சித்தி), மற்றதில் எஸ் (சாதாரண சித்தி) குறைந்தபட்சம். உண்மையில் தீர்மானிப்பது இசட் புள்ளி, அதாவது மற்றப் பரீட்சார்த்திகளோடு ஒப்பிட்டுக் கணிக்கும் புள்ளி. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தரப்படி, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மாவட்டத்தை நிர்ணயிக்க, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் படித்த பாடசாலைகளைப் பார்ப்பார்கள். நல்ல ஆசிரியரைத் தேடி யாழ்ப்பாணப் பாடசாலைக்கு மாறும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளை சொந்த மாவட்ட வெட்டுப்புள்ளியை இழக்கக்கூடும். மாறுவதற்கு முன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்தப் பகுதியைப் பெற்றோர் ஒருமுறை வாசியுங்கள்.