பார்டர் சுகர்: பேலியோவா, சிறுதானியமா, பாதிச் சோறா?

போன ஆடியில் எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரே நாளில் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி எனக்கு 6.1, அம்மாவுக்கு 6.3, மச்சானுக்கு 6.0. 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நடுவில் நிற்பதை எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் ‘பார்டர் சுகர்’ என்போம். நாட்டில் 13.6 கோடிப் பேர் இந்த நடுவில் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய அளவிலான ஆய்வு கணக்கிட்டது.

மூன்று பேரும் அரிசியைக் குறைத்தோம். ஆனால் மச்சான் தானியமும் பயறும் இல்லாமல் கறி, முட்டை, பாதாம் என்று சாப்பிடும் பேலியோவுக்குப் போனார், அம்மா சிறுதானியத்துக்கு மாறினார், நான் சோற்றைப் பாதியாக்கி மீதி இடத்தில் பயறு, முட்டை, கீரை வைத்தேன். மூன்று பேர் கதை ஆய்வு ஆகாது, தெரியும். ஆனாலும் ஒரே வீட்டில் மூன்று தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. சோறு குறைந்தால் சுகர் குறையும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சோறு போன இடத்தில் எது வந்து உட்காருகிறது என்பதைத்தான் நான் கவனித்தேன்.

முதலில் மச்சானின் தட்டு. காலையில் 100 பாதாம், மதியம் காய்கறியோடு பனீர், ராத்திரி முட்டை அல்லது கோழிக்கறி. இரண்டே மாதத்தில் 8 கிலோ இறங்கினார், ஹெச்பிஏ1சி 5.5க்கு வந்தது. வேகத்தில் இதற்கு ஈடு மற்ற இரண்டும் இல்லை. புரதமும் பி12 வைட்டமினும் துத்தநாகமும் இந்தத் தட்டில் தாராளம். குறை வேறு இடத்தில் இருந்தது. பயறு, தானியம், பெரும்பாலான பழங்கள் எல்லாம் ஒரே நாளில் வெளியே போனதால் நார்ச்சத்தும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் இறங்கின. கீரையை நிறையச் சாப்பிட்டால் சமாளிக்கலாம், அவர் சாப்பிடவில்லை. மலச்சிக்கல் வந்தது. கெட்ட கொழுப்பும் ஏறியது. எல்லோருக்கும் ஏறும் என்றில்லை, சிலருக்கு ஏறும். ஆகவே இந்த வழியில் போகிறவர்கள் கொழுப்புப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம் புரட்டாசி வந்தது. வீட்டில் கறியும் இல்லை, முட்டையும் இல்லை. பாதாமும் பனீருமாக ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தார், முடியவில்லை. 100 பாதாமுக்கு ஆகும் காசில் நாமக்கல் முட்டை ஒரு டஜனுக்கு மேலேயே வாங்கலாம். ஐப்பசியில் ஒரு கல்யாணம், அதோடு பழைய சாப்பாடு. இறங்கியதில் பாதி எடை திரும்பிவிட்டது. மன உறுதி இல்லாத ஆள் என்று அவரைச் சொல்லவே மாட்டேன். எங்கள் வீட்டுச் சமையலுக்கும் அந்தத் தட்டுக்கும் ஒட்டவே இல்லை.

அம்மாவின் வழிதான் எங்கள் ஊரில் அதிகம் பேர் போகும் வழி. கம்பஞ்சோறு, சாமைச்சோறு, ராகிக் களி. நெல்லுச்சோறு நோம்பிக்கு (பண்டிகைக்கு) மட்டும் என்று இருந்த மானாவாரி ஊர்கள் இந்தப் பக்கம் நிறைய, அதனால் சிறுதானியம் நம் சாப்பாடு என்ற பாசம் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் கடையில் அம்மாவிடம் சொன்னது இது: “சிறுதானியமுங்க, எவ்வளவு வேணா சாப்பிடலாமுங்க.” இந்த ஒரு வார்த்தைதான் தப்பு.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம். கம்பில் 62, சாமையில் 66, ராகியில் 67, சோளத்தில் 68. குறைவுதான், ஆனால் கொஞ்சம்தான் குறைவு. சிறுதானியத்தின் பலம் மாவுச்சத்துக் குறைவில் இல்லை, கூட வருவதில் இருக்கிறது. அரிசியில் நார் 3 கிராம்கூட இல்லை, கம்பில் 11 கிராமுக்கு மேல். இரும்பு அரிசியைப் போலப் பத்து மடங்கு. ராகியில் சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம், தானியங்களில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் இந்த இரும்பு முழுதாக உடம்பில் ஒட்டாது, தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் தடுக்கும். ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அந்தத் தடை குறையும். ஓர் எலுமிச்சம்பழத் துண்டோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இன்னும் நல்லது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கெட்டது.

அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் இரண்டு சொம்பு ராகிக் கூழ் குடிப்பார். வீட்டு மீட்டரில் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 180ஐத் தாண்டி நின்றது. அதே ராகியை ஓர் உருண்டைக் களியாகக் கீரைக் கடைசலோடு மதியம் சாப்பிட்ட நாளில் 140ஐ ஒட்டி வந்தது. அளவும் குறைவு, கீரையும் கூட இருந்தது. நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் குடித்தால் வயிற்றில் வேலையே இல்லாமல் ரத்தத்துக்குப் போய்விடும். சாமையிலும் இதே கதைதான்: பாலிஷ் போட்டு வெள்ளை வெளேரென்று வருவதில் தவிடு போய்விட்டது, தவிட்டோடு நாரும் போய்விட்டது. கொல்லிமலைப் பக்கமிருந்து பழுப்பாக வரும் சாமை கிடைத்தால் அதை வாங்குங்கள்.

“அப்பாரு காலத்துல கம்புதானே தின்னாங்க, சுகரா வந்துச்சு?” என்று கேட்பார்கள். அப்பாரு, அதாவது தாத்தா, விடிவதற்கு முன்னால் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார், பகலெல்லாம் காட்டில் நின்றார். நாம் பைக்கில் போய்க் கம்பு மாவு வாங்கி வருகிறோம். ஆறு மாதம் கழித்து அம்மாவுக்கு 6.2. அசையவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி என் தட்டு. ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி போட்ட இடத்தில் 50 கிராம். அதோடு 30 கிராம் கொள்ளு, இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரைப் பொரியல். கூட்டிப் பார்த்தால் மாவுச்சத்து 60 கிராமை ஒட்டி வரும். 100 கிராம் கம்பு போட்டு ஆக்கிய சோற்றிலும் ஏறக்குறைய இதேதான்! ஆனால் கம்பில் புரதம் 11 கிராம், இந்தத் தட்டில் 26. கம்பில் சுண்ணாம்புச்சத்து 30 மில்லிகிராம்கூட இல்லை, இங்கே கீரையும் கொள்ளுமே 200க்கு மேல் தருகின்றன. முட்டையில் பி12 வருகிறது, கொள்ளிலும் கீரையிலும் ஃபோலேட்டும் இரும்பும் வருகின்றன. நாரில் மட்டும் கம்பு முந்தும், அதை அவரைக்காயோ புடலங்காயோ ஒரு கரண்டி கூடப் போட்டுச் சரிசெய்தேன்.

கொள்ளு நமக்குப் புதுசும் இல்லை. வேகவைத்த தண்ணீரை இறுத்து ரசம், வெந்த கொள்ளை மிளகாய், பூண்டு, கொத்தமல்லி சேர்த்து ஆட்டினால் கொள்ளுப் பருப்பு. ஒரே அடுப்பில் இரண்டு. சூடு என்று பயப்படுகிறவர்கள் மோர் ஊற்றிக்கொள்வார்கள், அதுவும் நல்லதுதான். ராத்திரிக்கு அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கும் அரிசிம்பருப்பு. ஆனால் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்பதை மாற்றிச் சரிபாதி போடுகிறேன். கொஞ்சம் குழைவாக வரும், ருசி குறையவில்லை.

18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் சாப்பாட்டைக் கணக்கிட்ட 2022ஆம் ஆண்டு இந்திய ஆய்வும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. மொத்தக் கலோரியில் மாவுச்சத்தைப் பாதியை ஒட்டிக் கொண்டுவந்து, புரதத்தை ஐந்தில் ஒரு பங்காக உயர்த்தச் சொல்கிறது. நம் வீடுகளில் இப்போது மாவுச்சத்து அறுபது, எழுபது சதவீதம். ஆறு மாதத்தில் எனக்கு 5.7. வேகம் குறைவுதான், ஆனால் புரட்டாசியிலும் நிற்கவில்லை. முட்டைக்குப் பதில் தயிரும் பச்சைப்பயறுத் தோசையும் நிலக்கடலையும் வந்தன.

ஓட்ஸைப் பற்றியும் கேட்கிறார்கள். சாப்பிடலாம், கெடுதல் இல்லை. கொள்ளு விளையும் ஊரில் அதைத் தேடிப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

சைவக் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயறில் புரதம் இருக்கும், பி12 இருக்காது. பாலும் தயிரும் தினமும் வேண்டும், வருஷத்துக்கு ஒரு முறை பி12 பார்ப்பது நல்லது. சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அந்த மாத்திரை நாளாக ஆக பி12ஐக் குறைக்கும். ஏற்கெனவே சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரத அளவு வேறு. இந்த இரண்டு பேரும் டாக்டரிடம் கேட்காமல் எந்தத் தட்டுக்கும் மாற வேண்டாம்.

அம்மா கம்பை விடவில்லை. ஒரு கரண்டி கம்பஞ்சோறு, பக்கத்தில் கொள்ளுப் பருப்பு, பண்ணைக்கீரைக் கடைசல், ஒரு முட்டை. தை மாதத்திலிருந்து இப்படித்தான் சாப்பிடுகிறார். போன வாரம் எடுத்த ரிப்போர்ட்டில் 5.9.