பாடப்புத்தகமா, ஹோட்டன் சமவெளியா, பீலிக்கரையா?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சுற்றாடலைச் சொல்லிக்கொடுக்க எந்த வழி நல்லது என்று கேட்டால், நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையைத்தான் சொல்வேன்.

புத்தகம் பரீட்சைக்கு உதவும், சரி. என் மகன் நீர்வட்டத்தை அழகாக வரைந்து நிறம் தீட்டிக்கொண்டு வந்தான். நம்ம பீலிக்குத் தண்ணீர் எங்கிருந்துடா வருது என்று கேட்டேன். "பைப்பிலிருந்து" என்றான்.

ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் அங்கிருந்து போகிறது. பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் நாங்கள் போன அன்று பாதி நாள் பஸ்ஸிலும் வாந்தியிலும் கழிந்தது, உலக முடிவு என்கிற செங்குத்து மலைவிளிம்பில் வெறும் பனிமூட்டம், வாசலில் தண்ணீர்ப் போத்தல்களின் லேபிளைக் கிழித்து வாங்கியதுதான் பிள்ளைகள் மனதில் நின்றது.

மூன்றாவது பீலிக்கரை, அதாவது இருக்கிற இடத்தையே பாடமாக்குவது. தம்பானை வேடர்களுக்குக் காடுதான் பள்ளிக்கூடம். 1983இல் அவர்கள் வேட்டையாடிய மாதுறு ஓயாக் காட்டைத் தேசியப் பூங்காவாக்கி வேட்டைக்குத் தடை வந்ததும் அந்தப் பாடத்தில் பெரும்பகுதி அறுந்துபோனது. நாம் அவர்களைப் போலப் பூர்வகுடி இல்லை. வந்து இருநூறு வருடம், அதுவும் கோப்பிக்காகக் காட்டை வெட்டியதே நம்ம பாட்டன்மார் கைதான். ஆனாலும் இந்தச் சரிவு அந்தக் கைக்குத் தெரியும்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மழைத்தண்ணீர் போகும் கான் வெட்டியே ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர் இருக்கிறார். ஒரு மழை விட்ட காலையில் பிள்ளைகளை மேட்டுக்குக் கூட்டிப்போய், சருகு அடைத்த கானை மண்வெட்டியால் கிளறிக் காட்டினார். "தண்ணி ஓடக்கூடாது தம்பி, நடக்கணும்." ஓடினால் மண்ணை அள்ளிக்கொண்டு போகும், அடைத்துக்கொண்டால் மலைக்குள் இறங்கி மண்சரிவைக் கொண்டுவரும். தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கினாலோ, சுவரில் புது வெடிப்பு விட்டாலோ, மரம் சாய்ந்தாலோ வீட்டில் இருக்காதே என்றார். மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்து லயங்கள் புதைந்த கதையை அவர் சொன்னபோது ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை.

பெரியப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்றும் இல்லை. வருடக்கணக்காகப் புல்லுக்கு மருந்தடித்தவர், அந்த மருந்து ஓடையில் கலப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. அதைப் புத்தகம்தான் சொல்ல வேண்டும். ராத்திரி மழையைக் கண்ணால் அளக்கவும் முடியாது, அதற்கு மழைமானி வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இரு, 150 தாண்டினால் வெளியேறு என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. பஸ்ஸுக்குச் சேர்க்கும் காசில் லயத்துக்கு ஒன்று வாங்கி வைக்கலாம்.

மலைக்கு ஏற்றும் முன் தோட்டத்துரையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கொழுந்து நிறுக்கிற நேரத்தில் போகாதீர்கள், அட்டைக்குக் காலில் சவர்க்காரம் தடவிக்கொள்ளுங்கள்.