நான்கு வாட்டும் ஒரு செம்புப் பட்டையும்: ஜீப்பில் பொருத்திய கோப்ரா 75 சிபி ரேடியோ

கலிபோர்னியாவின் மோஹாவே பாலைவனத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடக்கும் மோஹாவே சாலை, கொலராடோ ஆற்றங்கரையில் தொடங்கி ஆஃப்டன் பள்ளத்தாக்கில் முடிகிற, ஏறத்தாழ 138 மைல் நீளமுள்ள மண்பாதை. அதன் பெரும்பகுதியில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. ஐந்து வண்டிகள் வரிசையாகச் செல்லும்போது முன்வண்டி கிளப்பும் புழுதி பின்னால் வருபவரின் கண்ணை மறைத்துவிடும் என்பதால் வண்டிக்கு வண்டி கால் மைலாவது இடைவெளி விட்டுத்தான் ஓட்ட வேண்டும். எதிரே மோட்டார் சைக்கிள்கள் வருகின்றன என்றோ, அடுத்த வளைவில் பாதை அரித்துக் கிடக்கிறது என்றோ முன்னால் போகிறவர் சொன்னால்தான் பின்னால் வருகிறவருக்குத் தெரியும். 2024 நவம்பரில் அந்தப் பயணத்துக்கு என்னைச் சேர்த்துக்கொண்ட குழுவினர் வைத்த ஒரே நிபந்தனை, வண்டியில் வேலை செய்யும் சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோ இருக்க வேண்டும் என்பதே. ‘வேலை செய்யும்’ என்ற சொல்லை அவர்கள் ஏன் அழுத்திச் சொன்னார்கள் என்பது எனக்கு இரண்டு வாரம் கழித்தே புரிந்தது.

என் வண்டி 2015-ஆம் ஆண்டின் நான்கு கதவு ஜீப் ராங்லர். வாங்கிய ரேடியோ கோப்ரா 75 டபிள்யூ.எக்ஸ். எஸ்.டி.; ஆண்டெனா ஃபயர்ஸ்டிக் நிறுவனத்தின் நான்கடிக் கண்ணாடியிழைக் குச்சி. இந்த இரண்டையும் பற்றிச் சொல்வதற்கு முன், சிபி என்பது என்ன என்று ஒரு பத்தி சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1958 முதல் 27 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பொதுமக்களுக்காக ஒதுக்கப்பட்ட இந்தச் சேவையில் முதலில் 23 சேனல்கள் இருந்தன. 1977 முதல் அவை 40 ஆயின. 1983-க்குப் பிறகு தனி உரிமம் தேவையில்லை. ஏ.எம். முறையில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்சத் திறன் 4 வாட். வீட்டில் எரிகிற சிறு எல்.ஈ.டி. பல்பின் அளவுதான் அது. அந்த நான்கு வாட்டை வைத்துக்கொண்டு பாலைவனத்தில் இரண்டு மூன்று மைலுக்குப் பேச வேண்டுமென்றால், வழியில் எங்கும் அதை வீணடிக்கக் கூடாது. இந்த மதிப்புரையில் ரேடியோவைவிட ஆணி, வாஷர், எர்த் வயர் ஆகியவற்றைப் பற்றி அதிகம் பேசப்போவதற்கு அதுவே காரணம்.

ரேடியோவை நான் தேர்ந்தெடுத்த காரணம் எளிது. ராங்லரின் டேஷ்போர்டில் வழக்கமான சிபி பெட்டியை வைக்க இடமே இல்லை. முழங்காலில் இடிக்கும், இல்லையேல் கியர் நெம்புகோலை மறிக்கும். கோப்ரா 75-இல் சேனல் பொத்தான், ஒலி அளவு, பின்னணி இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச், திரை, ஒலிபெருக்கி ஆகிய எல்லாமே கையில் பிடிக்கும் மைக்குக்குள் அடங்கிவிடுகின்றன. கேபிள்கள் சேரும் சிறு பெட்டியை டேஷ்போர்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் திருகிவிட்டு, மைக்கை மட்டும் அதில் செருகினால் போதும். கூரையைக் கழற்றிவிட்டு ஊர் சுற்றும் வண்டியில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: வண்டியை நிறுத்தும்போது மைக்கைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடலாம், திருட எதுவும் மிச்சமிருக்காது. அமெரிக்க வானிலை அலுவலகத்தின் ஒலிபரப்புச் சேனல்களையும் இதில் கேட்க முடியும். வறண்ட ஓடைகளின் வழியே பாதை போகும் ஊரில், தொலைவில் மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்வது பொழுதுபோக்கு அல்ல. அவசரத்துக்கான 9-ஆம் சேனலுக்கும், லாரி ஓட்டுநர்கள் பேசும் 19-ஆம் சேனலுக்கும் ஒரே அழுத்தில் போகலாம்.

ஒலிபெருக்கி கைக்குள் இருக்கும் எந்த ரேடியோவுக்கும் ஒரு வரம்பு உண்டு. கூரை திறந்திருக்கும்போது, காற்றிரைச்சலுக்கிடையே ஒலி போதாது. சிறு வெளி ஒலிபெருக்கி ஒன்றைப் பெட்டியில் செருகி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கட்டியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

இனி பொருத்திய கதை. முதல் தடவை நானாகச் செய்யவில்லை. எங்கள் பகுதியில் ஜீப்புகளுக்கு உதிரிப் பாகங்கள் பொருத்தித் தரும் கடை ஒன்றில் வண்டியை விட்டேன். மாலையில் சாவியைக் கொடுத்த பணியாளர், மைக்கின் பொத்தானை அமுக்கி, திரையில் விளக்கு எரிவதைக் காட்டி, வேலை முடிந்தது என்றார். கூலி 180 டாலர். அன்று இரவே குழுவில் ஒருவர் தம் வண்டியில் என் வீட்டு வாசலுக்கு வந்து சோதித்தார். தெருமுனை வரை என் குரல் கேட்டது, அதற்கப்பால் கேட்கவில்லை. அவர் கையோடு கொண்டுவந்திருந்த, ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு திறன் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை ரேடியோவுக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவில் இணைத்துப் பார்த்தார். முள் 3-ஐத் தாண்டி நின்றது. இந்த அளவு 3 என்றால், அனுப்பும் திறனில் கால் பங்கு ஆண்டெனாவிலிருந்து திரும்பி ரேடியோவுக்கே வருகிறது என்று பொருள். 1.5 என்றால் திரும்புவது 4 விழுக்காடு மட்டுமே. 3-க்கு மேல் வைத்துக்கொண்டு தொடர்ந்து பேசினால் ரேடியோவின் வெளியீட்டு டிரான்சிஸ்டர் எரிந்துபோகவும் கூடும். ஆண்டெனாவை இணைக்காமலே மைக்கை அமுக்கக் கூடாது என்று அனுபவசாலிகள் ஓயாமல் எச்சரிப்பதும் இதே காரணத்தால்தான்.

கடையின் வேலையைப் பிரித்துப் பார்த்ததில் மூன்று குறைகள் கிடைத்தன. முதலாவது, மிகப் பெரியது: எர்த். ராங்லரில் ஆண்டெனாவைப் பலரும் ஸ்டெப்னிக்கு மேலுள்ள தாங்கியில்தான் பொருத்துகிறார்கள். கூரையின் நடுவில் வைப்பதே சிறந்தது என்பது இரும்புக் கூரை வண்டிகளுக்கே பொருந்தும். ராங்லரின் கடினக் கூரை உலோகமல்ல என்பதால் அங்கே ஆண்டெனாவுக்குத் தேவையான உலோகத் தளம் கிடைக்காது. ஏறக்குறைய 11 மீட்டர் அலைநீளத்துக்குக் கால் அலை ஆண்டெனா வேண்டுமென்றால் ஒன்பது அடிக் கம்பி வேண்டும். நான்கடிக் குச்சிக்குள் கம்பியைச் சுருளாகச் சுற்றி அந்த நீளத்தை ஈடுகட்டுகிறார்கள். ஆனால் ஆண்டெனா என்பது குச்சி மட்டுமல்ல. அதன் மறுபாதி வண்டியின் உடல். தாங்கி வண்டியின் உடலோடு மின்தொடர்பில் இல்லாவிட்டால் பாதி ஆண்டெனாவே இல்லை. என் தாங்கிக்கு அழகான கறுப்புப் பூச்சு. அது திருகப்பட்டிருந்த பின்கதவின் கீல்களிலும் பெயின்ட். கடைக்காரர்கள் அந்தப் பூச்சைச் சுரண்டாமல் அப்படியே போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். மல்டிமீட்டரை வைத்தால், தாங்கிக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மின்தொடர்ச்சியே இல்லை.

நான் செய்தது இதுதான். தாங்கி உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து உலோகம் பளிச்சிடும்வரை சுத்தம் செய்தேன். பல்லுள்ள வாஷர் போட்டு முறுக்கினேன். தாங்கியிலிருந்து பின்கதவின் சட்டத்துக்கு ஒன்றும், கதவிலிருந்து வண்டியின் உடலுக்கு ஒன்றுமாக, பின்னிய செம்புப் பட்டைகள் இரண்டு கொடுத்தேன். கதவு திறந்து மூடுவதற்கு ஏற்பப் பட்டையைச் சற்றுத் தளர்வாக விட்டு, சுரண்டிய இடங்களில் துருப்பிடிக்காமல் இருக்க கிரீஸ் தடவினேன். பட்டைகளின் விலை இருபது டாலருக்கும் குறைவு. மறுபடி மல்டிமீட்டரை வைத்தபோது அரை ஓம்கூட இல்லை.

இரண்டாவது குறை, ரேடியோவையும் ஆண்டெனாவையும் இணைக்கும் கோஆக்சியல் கேபிளில். ஆண்டெனாவோடு வந்த கேபிள் 18 அடி. ராங்லருக்கு அவ்வளவு தேவைப்படாது. மிச்சத்தைக் கடையில் உள்ளங்கை அளவுக்கு இறுக்கமான வளையமாகச் சுற்றி, பின்னிருக்கைக்கு அடியில் திணித்திருந்தார்கள். அதைப் பிரித்து, நூல்கண்டு போல ஓரடிக்கும் மேல் நீளமாக முன்னும் பின்னும் மடித்து, நடுவில் மட்டும் கட்டி வைத்தேன். கதவிடுக்கில் நசுங்காமல் ரப்பர் வளையத்தின் வழியாக உள்ளே கொண்டுவந்தேன். கேபிள் ஒரு தடவை நசுங்கினால், பார்வைக்கு மேலுறை நன்றாகவே இருக்கும், ஆனால் உள்ளே சேதமாகியிருக்கும்.

மூன்றாவது, மின்சாரம். சிகரெட் லைட்டர் வயரிலிருந்து கிளை எடுத்திருந்தார்கள். எஞ்சின் வேகம் கூடக்கூட, கொசு ரீங்காரம் போல ஓர் ஒலி ஏறிக்கொண்டே போனது. பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர்களை, முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்து, எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரின் ரப்பர் அடைப்பு வழியாக இழுத்தேன். ரீங்காரம் நின்றது. முகப்பில் நான் முன்பே மாட்டியிருந்த மலிவான எல்.ஈ.டி. விளக்குப் பட்டை எழுப்பும் இரைச்சல் மட்டும் இன்றும் போகவில்லை. அதை அணைத்துவிட்டே பேசுகிறேன்.

இவ்வளவும் முடித்த பிறகே ஆண்டெனாவைச் சுருதி கூட்ட வேண்டும். இதைக் காலியான மைதானத்தில், கட்டடங்களும் மரங்களும் அருகில் இல்லாமல், வண்டியின் எல்லாக் கதவுகளையும் மூடிக்கொண்டு செய்ய வேண்டும். பக்கத்தில் நண்பர் நின்றால்கூட அளவு மாறும். 1, 20, 40 ஆகிய மூன்று சேனல்களில் எஸ்.டபிள்யூ.ஆர். அளவைப் பார்த்தேன். 1-இல் 1.6, 40-இல் 2.2. மேல் சேனலில் அளவு கூடினால் ஆண்டெனா நீளம் அதிகம். கீழ்ச் சேனலில் கூடினால் நீளம் போதவில்லை. இரண்டிலும் 3-க்கு மேல் நின்றால் நீளத்தைத் தொடாமல் எர்த்தைத் தேட வேண்டும். ஃபயர்ஸ்டிக்கின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. உச்சியில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றினால் ஒரு திருகு. அதை உள்ளே முறுக்கினால் நீளம் குறைகிறது. குச்சியை அறுக்க வேண்டிய பழைய வகைகளில், ஒரு தடவை அதிகமாக வெட்டிவிட்டால் திரும்ப வழியில்லை. ஆறேழு முறை முறுக்கி, அளந்து, மீண்டும் முறுக்கியதில், 1-இல் 1.4, 20-இல் 1.2, 40-இல் 1.5 என்று நின்றது. மரக்கிளைகளில் மோதினால் வளைவதற்கு அடியில் ஸ்பிரிங் வைக்க விரும்புவோர் அதை முதலிலேயே வைத்துவிட வேண்டும். பிறகு வைத்தால் நீளம் கூடிவிடும், இந்த வேலை முழுவதையும் மறுபடி செய்ய நேரும்.

மோஹாவே சாலையில் இது எப்படி நடந்துகொண்டது? லேன்ஃபேர் பள்ளத்தாக்கின் அலையலையான மேடுபள்ளங்களில் பகல் முழுவதும் குலுங்கியும் தாங்கியோ குச்சியோ தளரவில்லை. எரிமலைக் குன்றுகளுக்கு இடையே புகுந்தபோது ஒன்றரை மைலிலேயே குரல்கள் மங்கின. சோடா ஏரியின் வறண்ட, தட்டையான படுகையில் ஐந்து மைலுக்கு அப்பால் பின்தங்கியிருந்த வண்டியின் குரல் தெளிவாக வந்தது. ஆண்டெனா பின்புற மூலையில் இருப்பதால், உலோகம் அதிகமுள்ள எதிர்த்திசையில், அதாவது முன்பக்கம், சிக்னல் சற்று வலுவாகப் போகிறது. நான் வரிசையின் கடைசியில் ஓட்டியபோது எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது, முதலில் ஓட்டியபோது கொஞ்சம் குறைந்தது. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக் கத்தினால் எதிர்முனையில் வெறும் கரகரப்பு; இரண்டு விரல் தள்ளிப் பிடித்து, சாதாரணக் குரலில் பேசினால் போதும்.

எதிர்பாராத ஒன்று நண்பகலில் நடந்தது. சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருந்த ஆண்டு அது. அப்படிப்பட்ட காலத்தில் 27 மெகாஹெர்ட்ஸ் அலைகள் வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான மைல் தாண்டி இறங்கும். அரை மைல் முன்னால் இருந்த நண்பரின் குரலை அமுக்கிக்கொண்டு, புளோரிடாவிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர் யாரோடோ வானிலை பற்றி அளவளாவிக்கொண்டிருந்தார். வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனால் பாதையில் அது இடையூறு. ஸ்குவெல்ச்சை உயர்த்தி, சேனலையும் மாற்றிக்கொண்டோம்.

ஆகவே, இதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், உங்கள் குழு எதில் பேசுகிறது என்பதைப் பொறுத்தது. பல குழுக்கள் இப்போது ஜி.எம்.ஆர்.எஸ். என்ற இன்னொரு ரேடியோ சேவைக்கு மாறிவருகின்றன. 462, 467 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் எஃப்.எம். முறையில் இயங்கும் அதில் வண்டி ரேடியோவுக்கு 50 வாட் வரை அனுமதி உண்டு, ஒலி தெளிவு, சாண் நீள ஆண்டெனா போதும். தேர்வு எழுதத் தேவையில்லாத உரிமம், பத்தாண்டுக்கு 35 டாலர், குடும்பம் முழுவதற்கும் செல்லும். புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு நான் அதையே சொல்வேன். சிபிக்கும் 2021-இல் எஃப்.எம். அனுமதி கிடைத்தது என்றாலும், என்னிடமுள்ள ரேடியோவில் ஏ.எம். மட்டுமே. ஏற்கெனவே சிபியில் பேசும் நண்பர்கள் உள்ளவர்களுக்கும், நெடுஞ்சாலையில் லாரிக்காரர்களின் 19-ஆம் சேனலைக் கேட்டு விபத்தையும் நெரிசலையும் முன்கூட்டியே அறிய விரும்புபவர்களுக்கும் கோப்ரா 75-ஐத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் மீட்டர் கையில் இல்லாத கடையில் பொருத்தக் கொடுக்காதீர்கள். கொடுத்தாலும், மூன்று சேனல்களின் அளவையும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தை எடுங்கள்.

இன்னொரு சிறு தொல்லையும் மிச்சமிருக்கிறது. எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தள வண்டி நிறுத்தத்தில் கூரை தாழ்வு. உள்ளே நுழையும்போதெல்லாம் குச்சி ஒவ்வொரு விட்டத்திலும் தட்டிக்கொண்டே வரும். நான் வீடு திரும்பிவிட்டேன் என்பதை என் மனைவி அந்தச் சத்தத்தை வைத்தே மூன்றாம் மாடியில் தெரிந்துகொள்கிறார்.