ஃப்ரிட்ஜ் உள்பக்கச் சுத்தம்: ஆப்ப சோடாவும் எலுமிச்சையும், என் பல வருஷ அனுபவம்

ஈரோட்டில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைப் பல வருஷமாக ஆப்ப சோடா, எலுமிச்சை, பழைய வேட்டித் துணி, தேய்ந்த பல் பிரஷ், இவற்றை வைத்தேதான் சுத்தம் செய்து வருகிறேன். கடையில் விற்கும் ஸ்பிரே எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் சோடா எதற்கு, எலுமிச்சை எதற்கு என்று பிரித்துத் தெரிந்துகொண்டால்தான் பலன் முழுசாகக் கிடைக்கும்.

இட்லி மாவு பொங்கி வழிந்தாலும், தயிர் சிந்தினாலும் வருவது புளித்த வாடை. அது அமிலம், சோடா காரம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மேசைக்கரண்டி சோடாவைக் கரைத்துத் துடைத்தால் வாடை அப்படியே அடங்கிவிடும். மீன் கவிச்சி நேர் எதிர், அதுவே காரத்தன்மை உள்ளது. அதற்குச் சோடா அவ்வளவாகக் கேட்காது, எலுமிச்சைச் சாறுதான் கேட்கும். ரெண்டையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்க ஊற்றுகிறார்கள் பலர். ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும். தண்ணீரால் துடைத்த மாதிரிதான் மிஞ்சும். தனித்தனியாகத்தான் போட வேண்டும்.

நம்ம ஊர்க் குழம்பில் மஞ்சள் இல்லாமல் இருக்குமா? குழம்பு சிந்திய ஃப்ரிட்ஜ் தட்டின் மஞ்சள் கறையில் சோடா பட்டதும் செக்கச்சிவப்பாகும். குங்குமம் செய்ய மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்க்கும்போது நடப்பதும் இதுதான், பயப்பட வேண்டாம். சோப்பு போட்டு அலசிவிட்டு, அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள். வெயிலுக்கு மஞ்சள் வெளுத்துவிடும்.

போர் தண்ணீரில் துடைத்தால் கண்ணாடித் தட்டில் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும். அதையும் எலுமிச்சை எடுத்துவிடும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தத் தொல்லை இருக்காது, கொடுத்து வைத்தவர்கள்.

பச்சைக் கோழிக்கறித் தண்ணீர் ஒழுகிய இடத்தில் மட்டும் சோடாவை நம்பாதீர்கள். அது வாடையை எடுக்கும், கிருமியைக் கொல்லாது. பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கலந்து முதலில் நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். பினாயில், பிளீச்சிங் பவுடர் உள்ளே வேண்டவே வேண்டாம், அந்த நெடி சோறு வரைக்கும் ஏறும்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளைப் பேப்பரில் போடுவார்களே, எனக்கு அதுதான் ஃப்ரிட்ஜ் கழுவும் நாள். முதல் நாளே மாவு, பால் எல்லாம் தீருகிற மாதிரி பார்த்துக்கொள்வேன். பிளக்கையும் பிடுங்கிவிடுவேன். ஃப்ரீசர் ஐஸ் தானாக உருகும். கத்தியால் குத்தினால் கேஸ் குழாய் ஓட்டையாகிவிடும். கண்ணாடித் தட்டை வெளியே எடுத்ததும் வெந்நீர் ஊற்றக் கூடாது, குளிர் விட்ட பிறகுதான் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் விரிசல் விடும்.

கதவு ரப்பர் மடிப்பில்தான் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். சோடாவைக் குழைத்துப் பிரஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். துடைத்த பிறகு ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பேன். பிடிமானமே இல்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறதா? உள்ளே பின்சுவரின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். கறிவேப்பிலை, கொத்தமல்லித் துணுக்கு அடைத்துக்கொள்ளும். காது குச்சியால் மெதுவாக எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான சோடாத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினால் வழி விடும். அந்தத் தண்ணீர் போய்ச் சேருவது பின்னால் கம்ப்ரசர் மேல் இருக்கும் தட்டில். டெங்கு கொசு முட்டையிடும் இடம் அது. சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் அதைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். தட்டைக் கழற்ற முடிகிற மாடல் என்றால் வாராவாரம் கொட்டித் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.