டேங்க் கசிவு: மண்ணைத் துளைக்கவா, கிணறு இறக்கவா?

பெட்ரோல் பங்கில் நிலத்தடி டேங்க் கசிகிறதோ என்று சந்தேகம் வந்தால், மண்ணைத் துளைத்து மாதிரி எடுப்பதுதான் மலிவு. ஒரே நாளில் நாலைந்து இடம் பார்த்துவிடலாம். மேலே வரும் மண்ணின் வாடையே பாதி கதையைச் சொல்லிவிடும். ஆனால் இரண்டடி தள்ளித் துளைத்தால் கசிவு தப்பிவிடும்.

கண்காணிப்புக் கிணறு, அதாவது நிலத்தடி நீரை எடுத்துப் பார்க்க இறக்கும் குழாய்க் கிணறு, செலவு பிடிக்கும். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். அதனால் நீர் உள்ளே வர ஓட்டை போட்ட ஃபில்டர் பைப் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீள வேண்டும், ஆழத்தில் புதைத்தால் மேலே மிதக்கும் படலம் உள்ளே வராது. பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற நச்சுப் பொருள் தண்ணீரில் கரைந்து நகரும். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். 1996-ல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் குடிநீர்க் கிணறுகளை மூட வைத்த எம்.டி.பி.இ. என்ற பெட்ரோல் கலவை ரசாயனம், மண்ணில் அவ்வளவாக ஒட்டாமல் தண்ணீரோடு ஓடுகிற சரக்கு. பக்கத்தில் வீட்டுக் கிணறு இருந்தால் என் காசு கண்காணிப்புக் கிணற்றுக்குத்தான். ஒன்று போதாது, நிலத்தடி நீரோட்டம் எந்தப் பக்கம் என்று தெரியக் குறைந்தது மூன்று வேண்டும்.