“நாங்கள் கான்சல் பண்ணி விடுறம்” என்ற வாக்கை நம்பி 255 பவுண் போனது

ஒரு கார் தரிப்பிட நோட்டீசால் மச்சானின் 255 பவுண் காசு நேற்றுப் போய்விட்டது. இங்கிலாந்தில் கார் ஓடுகிற எங்கட ஆட்கள் யாருக்கும் இது நடக்கலாம் என்பதால் கோபம் ஆறமுதலே எழுதுகிறேன். இடம் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெற். வாசலில் நம்பர் பிளேற்றைப் படமெடுக்கும் கமரா, கல்லாவுக்குப் பக்கத்தில், கடைக்கு வந்தவர்கள் தண்டம் வராமல் கார் இலக்கத்தைப் பதிகிற சின்னத் திரை. கார் தரிப்பிடத்தை நடத்துவது தனியார் கொம்பனி.

அந்தத் திரையில் பூச்சியத்துக்குப் பதிலாக ‘ஓ’ எழுத்து விழுந்துவிட்டது. அவ்வளவுதான் குற்றம். 100 பவுண் கேட்டு நோட்டீஸ் வந்தது, 14 நாளுக்குள் கட்டினால் 60. ரசீதோடு கடைக்குப் போனார். கவுன்ரரில் நின்றது தமிழ்ப் பிள்ளை. நோட்டீசைப் படமெடுத்துக்கொண்டு, “ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அண்ணா, நாங்கள் கான்சல் பண்ணி விடுறம்” என்றது. சிரித்த முகத்தோடு எங்கட மொழியில் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

கொம்பனிக்கு முறையீடு செய்ய 28 நாள்தான் உண்டு. அந்த 28 நாளும் இந்த வாக்கிலேயே கழிந்தது. இலக்கத்தில் ஒரு எழுத்துப் பிழைத்து, ரசீதும் இருந்தால், முறையீட்டில் அதை ரத்துச் செய்ய வேண்டும் என்று பார்க்கிங் கொம்பனிகளின் சங்க விதியிலேயே இருக்கிறது. ஒரு இமெயிலில் முடிந்திருக்க வேண்டிய விசயம்!

பிறகு கடையில் கேட்டால், மனேஜர் லீவு. அடுத்த முறை, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாச்சு. கொம்பனியைக் கேட்டால், கடை எங்களுக்கு ஒன்றும் அறிவிக்கவில்லை, உங்கள் காலம் முடிந்துவிட்டது. அதற்குள் கடன் வசூல்காரர் 70 பவுணை ஏற்றி 170 ஆக்கிவிட்டார்கள். கடைசியில் நோர்த்தாம்ப்டனிலிருந்து நீதிமன்றப் படிவம்: 170, நீதிமன்றக் கட்டணம் 35, வக்கீலுக்கு 50. மொத்தம் 255 பவுண். அப்போதும் கடை, “அதை விடுங்கோ, நாங்கள் கதைக்கிறம்” என்றது.

வீட்டுக்கடன் புதுப்பிக்கிற நேரம். பெயரில் தீர்ப்பு விழுந்தால் 6 வருடம் பதிவில் கிடக்கும் என்று பயந்து 255ஐயும் கட்டிவிட்டார். உண்மையில் வழக்காடித் தோற்றாலும், தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டினால் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். அந்தப் பயத்தைக் காட்டித்தான் இவர்கள் 255 பவுணைப் பிடுங்குகிறார்கள்.

ஆறுதலாக விளக்கி எழுத இப்போது மனமில்லை. இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடை ரத்துச் செய்வதாகச் சொன்னால் நோட்டீஸ் இலக்கத்தோடு இமெயிலில் வாங்குங்கள். வாங்கினாலும் நீங்களும் 28 நாளுக்குள் முறையிடுங்கள். கொம்பனி மறுத்தால் அடுத்த முறையீட்டு அமைப்புக்குப் போங்கள்: பொப்லா (POPLA) என்றால் 28 நாளுக்குள், இல்லாவிட்டால் ஐ.ஏ.எஸ் (IAS). இரண்டில் எது என்பது, கொம்பனி எந்தச் சங்கத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்தது.

காரின் பதிவு உரிமையாளராக எழுதுங்கள், ஓடியது யார் என்று சொல்லவேண்டாம். கமராவை வைத்துத் தபாலில் அனுப்பும் நோட்டீஸ், கார் நிறுத்தியதிலிருந்து 14 நாளுக்குள் வந்து சேராவிட்டால், 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமையாளர் பொறுப்பில்லை. ஓட்டுநர் நீங்கள்தான் என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

“தனியார் நோட்டீஸ்தானே, குப்பையில் போடு” என்று சொல்கிறவர்களைக் கேட்காதீர்கள். 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்ம்ஸ்ஃபோர்ட் (Chelmsford) கார் தரிப்பிட வழக்கில் 85 பவுண் தண்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அறிவிப்புப் பலகை தெளிவாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம், ஆகவே பலகைகளை அன்றைக்கே படமெடுங்கள்.

வழக்குக்கு முந்திய கடிதத்துக்குப் பதில் சொல்ல 30 நாள். நீதிமன்றப் படிவம் கைக்குச் சேர்ந்ததாகக் கொள்ளும் நாளிலிருந்து 14 நாளுக்குள் கிடைத்ததென்று ஒப்புக்கொள்ளுங்கள், எதிர்வாதத்துக்கு மொத்தம் 28 நாள் கிடைக்கும். பதில் போடாவிட்டால் விசாரணை இல்லாமலே தீர்ப்பு. அதை நீக்க விண்ணப்பிக்கவே 300 பவுணுக்கு மேல். வீடு மாறினால் கொம்பனிக்கும் புது முகவரியை எழுத்தில் கொடுங்கள். அந்த 70 பவுணை எதிர்வாதத்தில் தனியாக மறுத்து எழுதுங்கள்.