416-ஆ, எம்கேஹெச் 50-ஆ? அறைக்குள் ஸிங்க் சவுண்ட் எடுக்க எந்த மைக்

ஸிங்க் சவுண்டில், அதாவது படப்பிடிப்பிலேயே வசனத்தைப் பதிவுசெய்து, குறும்படம் எடுக்கக் கிளம்பும் குழு வாடகைக் கடைக்குப் போனதும் கேட்பது சென்ஹைசர் எம்கேஹெச் 416. கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பார். மைக்கில் குறையில்லை. ஆனால் கதையில் முக்கால்வாசி பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள்ளேயே நடக்கிறது என்றால், அதே நிறுவனத்தின் எம்கேஹெச் 50-ஐக் கேளுங்கள் என்பேன்.

416 கிட்டத்தட்ட 25 செ.மீ. நீளக் குழாய், பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள். எதிரே நிற்பவரின் குரல் நேராக உள்ளே போகும். பக்கத்திலிருந்து வரும் சத்தம் ஒவ்வொரு துளை வழியாகவும் சற்று முன்பின்னாக நுழைந்து, தனக்குத்தானே மோதி அடங்கிவிடும். தெருவிலும் கடற்கரையிலும் இதுதான் ராஜா. ஒன்றை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்: இந்தக் குழாய் வித்தை கீச்சொலிகளிடம்தான் நன்றாகப் பலிக்கும். பஸ் என்ஜினின் உறுமலை அது பெரிதாகத் தடுக்காது.

அறைக்குள் கதையே வேறு. வசனம் மொசைக் தரையிலும் கான்கிரீட் கூரையிலும் பட்டுத் திரும்பி, அதே துளைகளுக்குள் தாமதமாக வந்து சேர்கிறது. குழாய் அதில் சில அலைவரிசைகளை வெட்டி, சிலவற்றை விட்டுவிடுகிறது. குரலில் ஒரு டப்பா வாடை ஏறிவிடும். நடிகர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பும்போது மைக் மாட்டிய பூம் கம்பைப் பிடிப்பவர் ஒரு நொடி பிந்தினால் போதும், வாக்கியத்தின் பின்பாதி வேறு ஆள் பேசியது போல இருக்கும். ஈக்யூ போட்டு, அதாவது சுருதிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைத்து, இதைச் சரிசெய்வேன் என்று மிக்ஸிங்கில் சொல்பவர்களை நம்ப வேண்டாம். கடைசியில் டப்பிங் தியேட்டருக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

எம்கேஹெச் 50-இல் அந்தக் குழாய் கிடையாது. நீளம் சுமார் 15 செ.மீ. பக்கவாட்டுச் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் அதன் தன்மையை அவ்வளவாகக் கெடுக்காது. நடிகர் சற்று விலகினாலும் குரல் தூரப்படுமே தவிர உருமாறாது. கூரை தாழ்ந்த வீட்டில் ஃப்ரேமுக்கு மேலே நுழைக்கவும் வசதி. தாழ்சுருதியைக் குறைக்கும் சுவிட்ச் மைக்கிலேயே உண்டு. 416-இல் அது இல்லை. மைக் தானாக எழுப்பும் இரைச்சல் 50-க்கு 12 டெசிபல், 416-க்கு 13 டெசிபல் என்று காகிதத்தில் வரும் வித்தியாசத்தை ஓடும் ஃபேன் விழுங்கிவிடும். ஃபேனை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜையும்.

சட்டைக்குள் ஒட்டும் லேப்பல் மைக்கை இரண்டுக்கும் மாற்றாக நான் பார்ப்பதில்லை. லாங் ஷாட்டில் கைகொடுக்கும். சென்னை வெயிலில் வியர்வையும் பட்டுப்புடவையின் சரசரப்பும் அதன் எதிரிகள்.

புழுக்கத்தைத் தாங்குவதில் 416-உம் 50-உம் சமம். சாதாரண கண்டென்சர் மைக்கின் கேப்ஸ்யூலில், அதாவது ஒலியை வாங்கும் தலைப்பகுதியில், நேர்மின்னழுத்தம் நின்றுகொண்டே இருக்கும். ஈரம் பட்டால் அது கசிந்து படபடவென்று வெடிக்கும். எம்கேஹெச் வரிசை உயர் அதிர்வெண் சுற்றில் இயங்குவதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ரோடு (Rode) நிறுவனத்தின் என்டிஜி3 மைக்கும் அதே வழிதான். பட்ஜெட் இடித்தால் வெளிப்புறத்துக்கு அதை எடுக்கலாம்.

அதற்காக அலட்சியம் கூடாது. ஏசி கேரவனிலிருந்து எடுத்து நேராக வெயிலில் மாட்டினால் உள்ளே நீர் பூக்கும். பெட்டியோடு வெளியே வைத்து, சூடு ஏறியபின் திறங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் இருக்கட்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் வறுத்து எடுக்க வேண்டும். பலரும் மறப்பது ஸ்பாஞ்ச் உறையை. வருடக்கணக்கில் புழுக்கத்தில் கிடந்தால் அது பொடிப்பொடியாக உதிரும். அந்தத் தூள் 416-இன் துளைகளுக்குள் போய்விட்டால் ஊதி எடுக்க முயலாதீர்கள், சர்வீஸுக்கு அனுப்புங்கள். வாடகைக்கு எடுக்கும்போதே உறையைக் கழற்றி உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். கறுப்புத் தூள் விழுந்தால் வேறு மைக் கேளுங்கள்.